இயக்கத் திறன்களை வகைப்படுத்துதல்: எதைப் பிரிக்கிறோம்?

தையல் எந்திரத்தை மிதிப்பது, வேகப்பந்தை எதிர்கொண்டு மட்டையைச் சுழற்றுவது, நாதஸ்வரத்தில் விரல் ஓட்டுவது எல்லாமே கற்றுப் பழகிய இயக்கத் திறன்கள்தாம். ஆனால் இவற்றை ஒரே இனமாகக் கருதலாமா? ஒன்றைப் பற்றிக் கண்டறிந்த உண்மை மற்றொன்றுக்கும் பொருந்துமா? உடற்கல்வி ஆசிரியருக்கு இது பயிற்சியைத் திட்டமிடும் கேள்வி. இயன்முறை மருத்துவருக்கோ, பக்கவாதத்திலிருந்து மீள்பவரை முதலில் எதைச் செய்யச் சொல்வது என்ற கேள்வி. ஆய்வாளருக்கு, சோதனைக்கூடத்தில் கண்டதை எவ்வளவு தூரம் பொதுமைப்படுத்தலாம் என்ற கேள்வி.

இந்தக் கடைசிக் கேள்வியின் கனத்தை இயக்கக் கற்றல் துறையே ஒருமுறை உணர்ந்தது. 1971இல் ஜாக் ஆடம்ஸ் வெளியிட்ட கோட்பாடு, கண்ணால் பாராமல் ஒரு பிடியை மெல்ல நகர்த்திக் குறித்த இடத்தில் நிறுத்தும் சோதனைகளைப் பெரிதும் நம்பி எழுந்தது. கை நகரும்போதே உணர்வுகள் மூளைக்குத் திரும்பி வந்து பிழையைத் திருத்துகின்றன என்பது அதன் சாரம். நான்கே ஆண்டுகளில் ரிச்சர்ட் ஷ்மிட் மறுகோட்பாடு ஒன்றை முன்வைத்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் எறிதலிலும் அடித்தலிலும் திருத்திக்கொள்ள நேரமே இல்லை என்பது அவர் எழுப்பிய தடைகளுள் ஒன்று. ஒருவகை இயக்கத்தை ஆராய்ந்துவிட்டு எல்லா இயக்கத்துக்கும் விதி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. வகைப்பாடு பாடநூலின் முதல் அத்தியாயத்தில் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகும் அட்டவணையாகச் சுருங்கிவிட்டது வருத்தத்துக்குரியது; கோட்பாடுகளின் எல்லைகளை அதுதான் வரைகிறது.

திறன் என்பதை எட்வின் கத்ரி என்ற உளவியலாளர் விளைவைக் கொண்டு வரையறுத்தார். எண்ணிய விளைவை மிகுந்த உறுதியோடும் குறைந்த ஆற்றல், காலச் செலவோடும் உண்டாக்கும் வல்லமையே அவர் சொன்ன திறன். இந்த வரையறையைத் துறை பொதுவாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் வகைப்படுத்த வந்தவர்களில் பலர் விளைவை விட்டுவிட்டு இயக்கத்தின் தோற்றத்தையோ, சூழலையோ, செய்பவரின் உடலையோ அளவுகோலாகக் கொண்டார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு வகைப்பாட்டின் பலமும் பலவீனமும் தெளிவாகும்.

கண்ணுக்குத் தெரியும் வடிவம்

மிகப் பரவலான பிரிவு தசையின் அளவைப் பொறுத்தது: ஓடுதல், தாவுதல் போன்றவை பெருந்தசைத் திறன்கள், எழுதுதல், ஊசியில் நூல் கோத்தல் போன்றவை நுண்தசைத் திறன்கள். அங்கன்வாடிப் பதிவேடு முதல் குழந்தைநல மருத்துவர் அறை வரை புழங்கும் பிரிவு இது. பயன் உண்டு, சந்தேகமில்லை. ஒரு குழந்தை நடக்கிறது, ஆனால் பென்சிலைப் பிடிக்கத் திணறுகிறது என்று இரண்டே சொற்களில் குறிக்க முடிகிறது.

ஆனால் வாசலில் கோலம் போடுபவரைச் சற்று நின்று கவனித்தால் இப்பிரிவின் வரம்பு புலப்படும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவு இழையாக இறங்குகிறது. இழையின் தடிப்பு விரல்களின் அழுத்தத்தைப் பொறுத்தது. அந்த விரல்கள் தரைக்குமேல் ஒரே உயரத்தில் நிற்க வேண்டுமானால் இடுப்பு வளைந்த நிலையில் முதுகுத் தசைகள் உடலைத் தாங்க வேண்டும். கோடு நீள நீளக் கால்கள் பின்னோக்கி நகர வேண்டும். நகரும்போது கை ஆடக் கூடாது. இது நுண்தசைத் திறனா, பெருந்தசைத் திறனா? இரண்டும்தான் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னவுடனே, பிரிவு திறனை விளக்கவில்லை, அதில் நாம் எந்த உறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை மட்டும் சொன்னது என்பதும் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது பிரிவு தொடக்கத்தையும் முடிவையும் பார்ப்பது. பந்தை எறிவதற்குத் தெளிவான தொடக்கமும் முடிவும் உண்டு. அது தனித்த திறன். நீச்சலும் மிதிவண்டி ஓட்டுவதும் தொடர் திறன்கள். பல தனித்த செயல்கள் ஒரு வரிசையில் கோக்கப்பட்டால் வரிசைத் திறன். இங்கே இடர்ப்பாடு கற்றலோடு வருகிறது. 1897இலும் 1899இலும் வில்லியம் பிரையனும் நோபிள் ஹார்ட்டரும் அமெரிக்கத் தந்திப் பணியாளர்களை ஆராய்ந்து எழுதினார்கள். புதியவர் எழுத்து எழுத்தாகத் தந்தியைக் கேட்கிறார். தேர்ந்தவருக்குச் சொற்களும் சொற்றொடர்களும் ஒற்றை அலகாகின்றன. அப்படியானால் தொடக்கநிலையாளருக்கு வரிசைத் திறனாக இருந்தது வல்லுநருக்குத் தனித்த திறனாகிவிடுகிறது. செயலின் பெயர் மாறவில்லை. அது விழும் பிரிவு மட்டும் மாறிவிட்டது.

சூழல் முன்கூட்டித் தெரியுமா?

1957இல் பிரிட்டிஷ் உளவியலாளர் போல்ட்டன் வேறொரு கோணத்தைத் திறந்தார். அவர் ஆராய்ந்தது நகரும் இலக்கைத் தொடர்ந்து பின்பற்றும் பணிகளையும் எந்திரங்களை இயக்கும் திறன்களையும். சூழலில் அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் அது மூடிய திறன்; தெரியாவிட்டால் திறந்த திறன். 1963இல் பார்பரா நாப் இதை விளையாட்டுக்குக் கொண்டுவந்தார். திறன்களை இரண்டு பெட்டிகளில் அடைக்காமல் ஒரு நீண்ட கோட்டின் இரு முனைகளுக்கிடையே வரிசைப்படுத்தியது அவர் செய்த நல்ல காரியம். 1972இல் ஆன் ஜென்டைல் இதிலிருந்து கற்பித்தலுக்கான முடிவு ஒன்றை எடுத்தார்: மூடிய திறனில் ஒரே வடிவத்தை நிலைப்படுத்த வேண்டும், திறந்த திறனில் வடிவங்களைப் பெருக்க வேண்டும்.

இந்த அறிவுரை உலகெங்கும் பயிற்சியாளர்களிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. அதனால்தான் அதன் முதற்பாதியை நெருங்கிப் பார்ப்பது அவசியமாகிறது.

நீளம் தாண்டுதலை எடுத்துக்கொள்வோம். ஓடுபாதை மாறாது, பலகை நகராது, எதிராளி குறுக்கிடுவதில்லை. மூடிய திறனுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. வீரர் தம் அடிகளை அளந்து குறி வைத்துக்கொள்வதும், ஒரே ஓட்டத்தை மீண்டும் மீண்டும் பழகுவதும் இந்த நம்பிக்கையில்தான். 1982இல் டேவிட் லீயும் உடன் ஆய்வாளர்களும் தேர்ந்த வீராங்கனைகளின் ஓட்டத்தைப் படமெடுத்து ஒவ்வோர் அடியும் எங்கே விழுகிறது என்று அளந்தார்கள். ஓட்டத்தின் பெரும்பகுதியில், தாவலுக்குத் தாவல், கால் விழும் இடத்தில் வேறுபாடு கூடிக்கொண்டே போனது. பலகையை நெருங்கிய கடைசி அடிகளில் அந்த வேறுபாடு சட்டென்று சுருங்கியது. கண் பலகையைப் பார்த்து அடியின் நீளத்தைத் திருத்துகிறது என்பதே அவர்கள் எடுத்த முடிவு. கிரிக்கெட் பந்துவீச்சாளரின் ஓட்டத்திலும் இத்தகைய சரிக்கட்டல் நிகழ்வதைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. சோவியத் ஆய்வாளர்கள் கைத்துப்பாக்கி சுடுபவர்களிடம் 1960களிலேயே இதற்கு உறவான ஒன்றைக் கண்டிருந்தார்கள்: தேர்ந்தவரின் தோளும் மணிக்கட்டும் அசையாமல் இருப்பதில்லை; ஒன்றின் அசைவை மற்றொன்று ஈடுகட்டுவதால் துப்பாக்கி முனை நிலைத்து நிற்கிறது.

சூழல் நிலையாக இருந்தாலும் உடல் நிலையாக இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். மூடிய திறன் என்ற வகை பொய்த்துவிட்டது என்று சொல்வது மிகை. ஆனால் மூடிய திறனுக்கு மாறாத ஒற்றை வடிவத்தைப் பழக்கினால் போதும் என்ற முடிவு அந்த வகையிலிருந்து தானாகக் கிளைப்பதில்லை. வகைப்பாடு சூழலைப் பற்றிச் சொன்னதை உடலைப் பற்றிச் சொன்னதாகப் படித்ததில் நேர்ந்த பிழை இது.

விளையாட்டுகளின் பெயரிலேயே ‘திறந்த’, ‘மூடிய’ என்ற முத்திரையைக் குத்துவதும் இதே போன்றது. அண்மைக் காலத்தில் மூளைத்திறன் ஆய்வுகளில் இது பெருகியிருக்கிறது. 2013இல் வெளியான ஒரு ஆய்வில், தொடங்கிய செயலைச் சட்டென நிறுத்தும் சோதனையில் டென்னிஸ் ஆடுவோர் நீச்சல் வீரர்களைவிட விரைவாக இருந்தனர். திறந்த திறன் விளையாட்டு தன்னடக்கும் ஆற்றலை வளர்க்கிறது என்ற கருத்துக்கு இது ஆதரவு தரலாம். ஆனால் இத்தகைய ஒப்பீடு ஒரே காலத்தில் இரு குழுக்களை அளக்கிறது. ஏற்கெனவே அப்படிப்பட்ட இயல்புடையவர்கள் டென்னிசை நாடினார்களா என்பதை அதனால் பிரித்தறிய இயலாது. மேலும் டென்னிசில் முதல் அடி அடிப்பவரின் கையில் இருக்கிறது. கடலில் நீந்துபவருக்கு அலை கட்டுப்படுவதில்லை.

ஜென்டைலின் பதினாறு அறைகள்

ஒற்றைக் கோட்டின் போதாமையை உணர்ந்த ஜென்டைல், இரண்டு அச்சுகளைக் கொண்ட அட்டவணையை அமைத்தார். 1987இல் ஆஸ்திரேலிய இயன்முறை வல்லுநர்களான ஜேனட் காரும் ராபர்ட்டா ஷெப்பர்டும் எழுதிய மறுவாழ்வு நூலில் அவருடைய அத்தியாயம் இடம்பெற்ற பிறகு, விளையாட்டுத் திடலைவிட மருத்துவமனைகளில்தான் இது அதிகம் புழங்கியது.

முதல் அச்சு சூழல். இயக்கத்தை நெறிப்படுத்தும் பொருள்கள் அசைகின்றனவா, நிலைத்துள்ளனவா? ஒருமுறைக்கு அடுத்தமுறை அவை மாறுகின்றனவா, இல்லையா? இரண்டாவது அச்சு செயலின் வேலை. உடல் ஓரிடத்தில் நிற்கிறதா, இடம்பெயர்கிறதா? கை ஏதேனும் பொருளைக் கையாள்கிறதா? நான்கையும் நான்கையும் பெருக்கப் பதினாறு அறைகள்.

இதன் பயனைக் காண பக்கவாதத்துக்குப் பின் நாற்காலியிலிருந்து எழப் பழகும் ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். சிகிச்சை அறையில் அதே நாற்காலி, அதே உயரம், கைப்பிடி உண்டு. அங்கே அவர் நன்றாக எழுகிறார். வீட்டில் தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலி, கயிற்றுக் கட்டில், நாளைக்கு வேறொரு வீட்டின் திண்ணை. முறைக்கு முறை நிலைமை மாறுகிறது. பிறகு ஓடும் பேருந்தில் இருக்கையிலிருந்து எழ வேண்டும்; இப்போது நிலைமையே அசைகிறது. கையில் பையும் இருந்தால் அட்டவணையின் கடினமான மூலைக்கு அருகில் வந்துவிட்டார். எழுவது என்ற ஒரே வினைச்சொல் நான்கைந்து அறைகளில் நடமாடுகிறது. சிகிச்சை அறையில் தேறியவர் வீட்டில் ஏன் விழுகிறார் என்ற கேள்விக்கு இந்த அட்டவணை தரும் விடை, மற்ற வகைப்பாடுகள் தரும் எதையும்விடத் தெளிவானது என்று தோன்றுகிறது. பணியையும் சூழலையும் விளைவையும் சேர்த்துப் பார்த்ததே இதன் பலம். கத்ரியின் வரையறைக்கு மிக நெருக்கமாக வருவதும் இதுதான்.

ஆனாலும் குறைகள் உண்டு. அறைகள் எளியதிலிருந்து கடினமானதை நோக்கி வரிசையாக உள்ளன என்ற எண்ணம் நடைமுறையில் பரவிவிட்டது. ஒரு அச்சுக்குள் அந்த வரிசை பொருந்தலாம். இரு அச்சுகளுக்குக் குறுக்கே எப்படி ஒப்பிடுவது? அசையும் சூழலில் வெறுங்கையோடு நிற்பது கடினமா, அசையாச் சூழலில் நிரம்பிய குவளையோடு நடப்பது கடினமா? அட்டவணையால் இதற்கு விடை சொல்ல முடியாது. முழங்கால் வலிமை குன்றியவருக்கும் பார்வை குன்றியவருக்கும் விடை வேறாகத்தான் இருக்கும். செய்பவர் யார் என்பதற்கு அட்டவணையில் இடமே இல்லை. 1986இல் கார்ல் நியூவெல் பணி, சூழல், செய்பவர் என்ற மூன்று கட்டுப்பாடுகளின் சந்திப்பில் இயக்கம் உருவாகிறது என்று வாதிட்டபோது அந்த மூன்றாமவர் உள்ளே வந்தார். ஆனால் நியூவெலின் முக்கோணம் விளக்கச் சட்டகம்; அதை வைத்து எதையும் அறைகளாகப் பிரிக்க முடிவதில்லை.

செய்பவருக்குள் தேடியவர்கள்

எட்வின் ஃப்ளீஷ்மன் எதிர்த்திசையிலிருந்து வந்தார். 1950களில் அமெரிக்க விமானப்படைக்குத் தகுந்த விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் தேவை இருந்தது. நூற்றுக்கணக்கானோருக்குப் பல சோதனைகள் வைத்து, மதிப்பெண்களைக் காரணிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தி, திறன்களுக்கு அடியில் உள்ள அடிப்படை ஆற்றல்களை அவர் பிரித்தெடுத்தார். விரல் நயம், கை நிலைப்பு, எதிர்வினை வேகம், பல உறுப்புகளின் ஒருங்கிணைப்பு என்று அந்தப் பட்டியல் நீண்டது. எந்தத் திறனும் இவற்றின் ஒரு கலவை என்றால், வகைப்பாடு எண்கணிதமாகிவிடும்.

கவர்ச்சியான திட்டம்தான். அதை உலுக்கிய முடிவுகளில் ஒன்று அவருடைய கூட்டு ஆய்விலிருந்தே வந்தது. பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு பணிக்குத் தேவைப்பட்ட ஆற்றல்கள் இறுதியில் தேவைப்பட்டவையாக இல்லை. பயிற்சி முதிர முதிர அந்தப் பணிக்கே உரிய காரணி ஒன்று ஓங்கியது. மறுபுறம் பெர்க்லியில் ஃபிராங்க்ளின் ஹென்றி, பொது ஆற்றல் என்பதே ஐயத்துக்குரியது என்றார். அவரோடு இணைந்த மரபில், 1961இல் ஜான் பாக்மன் இரண்டு சமநிலைப் பணிகளை ஒப்பிட்டார்: ஆடும் பலகையில் நிற்பது, தாங்கலற்ற ஏணியில் ஏறுவது. ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றில் சிறந்தவராக இருக்க வேண்டிய அவசியம் ஏறக்குறைய இல்லை. 1967இல் ஆறு சமநிலைச் சோதனைகளை ஒப்பிட்ட ஆய்விலும் அவற்றுக்கிடையே வலுவான தொடர்பு காணப்படவில்லை. ‘நல்ல சமநிலை உள்ள பிள்ளை’ என்று நாம் எளிதாகச் சொல்வதற்குச் சான்று இவ்வளவு மெலிந்திருப்பது கவனிக்கத் தக்கது.

பள்ளிக்கல்விக்கென 1966இல் எலிசபெத் சிம்ப்சனும் 1972இல் அனிதா ஹாரோவும் வகுத்த உடலியக்கப் படிநிலைகள் வேறு நோக்கத்துக்கு உரியவை. கற்றல் இலக்குகளை எழுத அவை உதவின. திறன்களின் இயல்பைப் பற்றிய ஆய்வுக்கு அவற்றால் அதிகம் கிடைக்கவில்லை.

பெர்ன்ஸ்டீனின் படிநிலைகள்

மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டீன் 1920களில் சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளர்களைப் படமெடுத்து ஆராய்ந்தவர். இயக்கங்களின் கட்டமைப்பு பற்றிய அவருடைய நூல் 1947இல் வந்தது. அடுத்த ஆண்டு ஸ்டாலின் பரிசும் பெற்றது. பின்னர் அரசியல் காற்று மாறியதால் அவர் தாக்கப்பட்டுப் பணியையும் இழந்தார். கைத்திறனைப் பற்றி அவர் பொதுமக்களுக்காக எழுதிய நூல் அவர் இறந்து கால்நூற்றாண்டு கழித்து, 1991இல்தான் அச்சேறியது.

அவர் கண்ட படிநிலைகள், தசையின் விறைப்பு, உறுப்புகளின் கூட்டியக்கம், வெளியில் இலக்கை அடைதல், பொருள்களோடு செய்யும் செயல், குறியீட்டுச் செயல் என மேலேறுகின்றன. கைவட்டம் ஒன்றே நடனத்தில் ஒரு நிலையிலும், குறித்த வளையத்தின்மேல் விரலோட்டுகையில் இன்னொன்றிலும், மாவைக் கிளறுகையில் வேறொன்றிலும், ‘0’ என்ற குறியை எழுதுகையில் மற்றொன்றிலும் ஆளப்படலாம். தசைகளின் அசைவு ஒத்திருக்கும். அதை நடத்தும் நோக்கம் வேறு. இயக்கத்தின் தோற்றத்தை வைத்து வகைப்படுத்துவதற்கு எதிராக இதைவிட வலுவான வாதம் இத்துறையில் எழுந்ததில்லை என்றே கருதுகிறேன். ஆனால் அவர் நிலைகளுக்குக் காட்டிய நரம்பியல் இருப்பிடங்கள் 1940களின் அறிவைச் சார்ந்தவை; ஒரு செயல் எந்த நிலையில் நடக்கிறது என்று நேரடியாக அளக்கும் வழியையும் அவர் விட்டுச்செல்லவில்லை.

நரம்பியலின் சாட்சி

வகைகள் நம் வசதிக்காக வகுத்தவையா, நரம்பு மண்டலத்திலேயே உள்ளவையா? இக்கேள்விக்கு ஓரளவு சான்று கிடைத்திருப்பது தனித்த இயக்கம், தாள இயக்கம் என்ற பிரிவில்தான். 2003இல் ரெபெக்கா ஸ்பென்சர், ரிச்சர்ட் ஐவ்ரி முதலியோர் சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களை வட்டம் வரையச் சொன்னார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் இடையே சற்று நின்று வரைந்தபோது காலக்கணிப்பு குலைந்தது. நிற்காமல் தொடர்ந்து வரைந்தபோது குலையவில்லை. கை, வட்டம், வேகம் எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. இடையில் வரும் நிறுத்தமே வேறுபாடு. 2004இல் ஸ்டெஃபான் ஷால் குழுவினர் மூளைப் படமெடுப்பில், மணிக்கட்டின் தனித்த அசைவுகள் தாள அசைவைவிடக் கூடுதலான மூளைப் பகுதிகளைக் கிளப்புவதாகக் கண்டனர்.

இதை வைத்து இயற்கையே இரண்டு வகைகளை வகுத்திருக்கிறது என்று முடிவு கட்டலாமா? அவசரம் வேண்டாம். தனித்த அசைவுகளை அடுத்தடுத்துச் செய்யும்போது தொடங்குவதும் நிறுத்துவதும் பலமுறை நிகழ்கின்றன. கூடுதல் கிளர்ச்சி அவற்றால் வந்திருக்கவும் கூடும். 2007இல் நெவில் ஹோகனும் டாக்மர் ஸ்டெர்னாடும் சுட்டியபடி, இவ்விரு சொற்களுக்கும் துல்லியமான வரையறையே துறையில் நெடுங்காலம் இருக்கவில்லை.

பிள்ளைகளின் அடிப்படைத் திறன்கள்

வகைப்பாடு வகுப்பறையை நேரடியாகத் தொடும் இடம் இது. டேல் உல்ரிக்கின் பெருந்தசை வளர்ச்சிச் சோதனையின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு பன்னிரண்டு திறன்களை இடப்பெயர்ச்சி, பொருள் கட்டுப்பாடு என ஆறு ஆறாகப் பிரித்தது. அவற்றுள் ஒன்று, அசையாமல் வைத்த பந்தை இரு கைகளாலும் மட்டை பிடித்து அடிப்பது. பேஸ்பால் ஆடும் நாட்டின் பிள்ளைக்கு அது அடிப்படை. கபடி ஆடுகளத்தில் மூச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்ந்து கால் நீட்டித் தொட்டு மீளும் பிள்ளையின் திறனுக்கு அங்கே இடமில்லை. சமநிலையை மூன்றாவது பிரிவாகச் சேர்க்க வேண்டும் என்று 2015இல் ஜேம்ஸ் ரட் குழுவினர் தரவுகளோடு வாதிட்டனர். 2018இல் ரயன் ஹல்டீன் முதலியோர் நீச்சலையும் மிதிவண்டியையும் உள்ளடக்கும் வகையில், வாழ்நாள் முழுதும் உடல் இயங்க உதவும் திறன்களே அடித்தளம் என்று பட்டியலை விரித்தனர். இம்மாற்றம் நியாயமானது. ஆனால் எந்தத் திறன் வாழ்நாள் இயக்கத்துக்கு உதவும் என்பது ஊருக்கு ஊர் மாறும். எல்லா நாட்டுப் பிள்ளைகளையும் ஒரே பட்டியலால் அளப்பது மேலும் கடினமாகிறது.

தீராத கேள்விகள்

இன்றைய நிலையில் சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். ஒரு விளையாட்டின் அல்லது செயலின் பெயருக்கு நிரந்தர முத்திரை குத்துவதை இதுவரை கிடைத்த சான்றுகள் ஆதரிக்கவில்லை. பணியையும் சூழலையும் சேர்த்துப் பார்க்கும் வகைப்பாடுகள், மறுவாழ்விலாவது, தசை அளவை மட்டும் பார்ப்பவற்றைவிட நல்ல வழிகாட்டிகள். பொது இயக்க ஆற்றல்களைக் கொண்டு பிள்ளைகளைத் தரம் பிரிப்பதற்கு அடிப்படை பலவீனமானது.

முடிவாகாதவை மூன்று. சூழல் எவ்வளவு கணிக்க முடியாதது என்பதை எப்படி அளப்பது? திறந்த, மூடிய என்ற கோட்டில் இடம் குறிக்க இன்றும் பெரும்பாலும் பயிற்சியாளரின் மதிப்பீட்டையே நம்ப வேண்டியிருக்கிறது. தாள இயக்கமும் தனித்த இயக்கமும் வெவ்வேறு நரம்புப் பாதைகளைச் சார்ந்தவை என்றால், நடையைப் போல் இரண்டும் கலந்தவற்றை எங்கே வைப்பது? மூன்றாவதும் கடினமானதும், தந்திப் பணியாளர்களிடமிருந்தே தொடரும் கேள்வி: பயிற்சியின் நடுவில் ஒரு திறன் ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வது உண்மையானால், எந்தக் கட்டத்தில், எதைக் கண்டு அதை அறிவது? ஒரே கற்பவரை மாதக்கணக்கில் தொடர்ந்து அளக்கும் ஆய்வுகள் இதற்குத் தேவை. சில வகுப்பு நேரங்களிலேயே முடிந்துவிடும் சோதனைகளால் அந்த நகர்வைப் பிடிக்க முடியாது.